எண்ணெய் குடித்த மேசை

1953 செப்டம்பர் 7, திங்கள்
காலையிலிருந்து சாரல். வேதக்கோயில் திருவிருந்து மேசை வந்து இறங்கியது. பலா. ஆட்டம் கண்ட காலை அவர் சரிசெய்துவிட்டார். மரவேலை அவருக்கு, பாலிஷ் எனக்கு. கல்யாணமான நாள்முதல் அப்படித்தான், ஊருக்குத்தான் தெரியாது.
இன்று தெரிந்துவிட்டது. அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போடும்போது சபை செக்ரட்டரி வந்து நின்றார். "பொம்பளயா பாலிஷ் போடுது? நீரு போடுவீருன்னுல்லா தந்தோம்."
"ஞாயித்துக்கிழமெ பாத்துட்டுச் சொல்லும்வே," என்றார் இவர்.
நன்றாக வந்தால் கோயில் பெஞ்சுகளும் எங்களுக்கு. இல்லையென்றால் நாகர்கோவில் ஆளுக்கு. எனக்கு அந்தப் பெஞ்சுகள் வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், வேண்டும்.

8, செவ்வாய்
அரக்கு தேன் நிறத்தில் கரைந்திருக்கிறது. தடவினால் நிற்கவில்லை. வட்டம் வட்டமாக விலகி ஓடுகிறது. மழை ஈரமோ? கடைக்காரன் பழைய அரக்கைத் தள்ளிவிட்டானோ? மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.
வாங்க வேண்டியது: சோப்பு, கருவாடு.

9, புதன்
மணியடித்துக் கோயிலைக் கூட்டும் கோயில்குட்டியார் எட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "ஏன் மக்ளே மங்கிப்போச்சு? சனிக்கிழமெ தோறும் தேங்காண்ண தேச்சு பளபளன்னுல்லா வச்சிருந்தேன்."
சிரிப்பதா, அழுவதா! வருஷக்கணக்கான எண்ணெய். அதன்மேல் அரக்கு எப்படிப் பிடிக்கும்? எங்கள் ஊரில் தலைக்கும் எண்ணெய், கதவுக்கும் எண்ணெய், கர்த்தருடைய மேசைக்கும் எண்ணெய்.
ஸ்பிரிட்டால் துடைத்து, எண்ணெயை உறிஞ்சச் சீமைச்சுண்ணாம்புப் பொடி கனமாக அப்பினேன். ஆண்டவரே, இனி வெயில் வேண்டும்.

10, வியாழன்
வெயில்! பொடி மஞ்சளித்துப்போனது. எண்ணெய் பொடியில் ஏறுகிறது. தட்டிவிட்டு மறுபடி அப்பினேன். நிழல் விழும்போதெல்லாம் இவர் மேசையை வெயிலுக்கு நகர்த்தி வைத்தார், நான் சொல்லாமலே.

12, சனி
நேற்றும் இன்றும் பாலிஷ். பிடித்துவிட்டது! மெல்லிசாக ஒரு கை பூச்சு, உலரவிட்டு மறு கை. பலாவின் மஞ்சள் உள்ளிருந்து எழும்பி வருகிறது. விரலெல்லாம் பிசுக்கு. சோறு இவர் வடித்தார், குழைந்துபோயிற்று. சந்தோஷமாக இருக்கிறது.

13, ஞாயிறு
ஆராதனை முடிந்தது. செக்ரட்டரி மேசையைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் இவரிடம், "பெஞ்செல்லாம் எப்பம் முடியும்வே?"
"நான் சுமக்குத ஆளு. பாலிஷ் காரியம் அவகிட்ட கேளும்."
செருமினார். திரும்பினார். "எப்பம்மா முடியும்?"
"வெயிலடிச்சா கிறிஸ்மஸுக்குள்ள."
வெளியே வரும்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்க் கோயில்குட்டியாரைப் பிடித்தேன். "பெஞ்சுக்கும் எண்ண தேச்சியளா?"
"பின்ன? அதுக்குத்தானே மக்ளே மொதல்ல!"