மூடாத ஃபைல்

2-6-1968, ஞாயிறு. ஆலங்குடி.

புதுக்கோட்டையில் கடைசி பஸ் பாதிதான் நிரம்பியிருந்தது. ஆள் சேரட்டும் என்று கண்டக்டர் காத்திருந்தார். “இதுக்கு மேல யாரு வரப்போறா, எடுக்கச் சொல்லுங்கண்ணே” என்றேன். பிறகுதான் விசில் கொடுத்தார்.

பஸ் நகர்ந்ததும்தான் எனக்கு அது உறைத்தது. எங்கள் சென்னை ஆபீஸ் கம்ப்யூட்டரும் இப்படித்தான். பரீட்சை மார்க்குகளைச் சேர்த்து வைத்து, நிரம்பினால்தான் காந்த டேப்பில் எழுதும். கடைசியில் மிஞ்சுவதை, ஃபைலை மூடச் சொன்னால்தான் எழுதும். லீவில் ஊருக்கு வரும் அவசரத்தில், புரோகிராமில் மூடச் சொல்லும் அந்த வரியை நான் போடவில்லை. கடைசிப் பிள்ளைகளின் மார்க் டேப்பில் ஏறியிருக்காது. அந்த டேப்பிலிருந்துதான் பாஸானவர்கள் நம்பர் பேப்பருக்குப் போகும்; அதில் நம்பர் இல்லையென்றால் ஃபெயில் என்றுதான் நினைப்பார்கள்.

இறங்கும்போது கண்டக்டர் சொன்னார்: “நாளைக்குப் பேப்பர்ல ரிசல்ட்டு வருதாம்ல. எம் மக நம்பரப் பாத்துச் சொல்லுங்க தம்பி.”

சரி என்றேன். நம்பர் என்ன என்று கேட்கவில்லை.