உண்டியலில் ஒட்டிய படம்

6 பிப்ரவரி 1984

திருச்செங்கோடு பஸ் நிலையத்து டீக்கடையில் என் படத்தை இன்னும் எடுக்கவில்லை. உண்டியல் டப்பாவில் ஒட்டியபடியே இருக்கிறது. கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக. கீழே, 'சௌந்திரத்தின் உயிரைக் காப்போம்.' வேலூரில் இருதய ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஆகின்றன. உயிரைக் காத்தாகிவிட்டது. கடைக்காரர் அந்த டப்பாவில் இப்போது ஸ்பூன் போட்டு வைக்கிறார்.

19 பிப்ரவரி

கனகாம்பரம் வைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். எனக்கு நிதி போட்ட ரைஸ்மில்காரர் வீட்டு அம்மா நிறுத்தினார். "ஒடம்பு தேறிருச்சாட்ட இருக்குது. பூவெல்லாம் வெக்கறயே." அன்பாகத்தான் சொன்னார். கண் மட்டும் பூவிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து எடுத்துப் போட்டுவிட்டேன்.

4 மார்ச்

கைலாசம் வீட்டில் காதுகுத்து. எங்களை அழைக்கவில்லை. ஆனாலும் அப்பா விடியுமுன் போய்த் தண்ணீர் சுமந்து, பந்தி முடியும்வரை இலை எடுத்துவிட்டு வந்தார். எனக்கு நிதி கொடுத்த வீடு ஒன்றையும் விடுவதில்லை. கல்யாணமானாலும் இழவானாலும் முதல் ஆளாக நிற்கிறார். அப்பாவை, மருதாசலக் கவுண்டரை, ஒரு காலத்தில் வாசலுக்கு வந்து அழைப்பார்கள்.

"கூப்புடாத ஊட்டுக்கு எதுக்குங்கப்பா போறீங்க?"

"மொய்யின்னா அவங்க விசேசத்துல திருப்பிச் செஞ்சறலாம் சாமி. இது மொய்யில்லையே. ஒடம்பாலதான் கழிக்கோணும்."

எதுவரை கழிக்க வேண்டும்? கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது.

21 மார்ச்

வெட்கமாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன். மிட்டாய்க் கடை முன்னால் ஜிலேபி தின்றுகொண்டிருந்தேன். சின்னுசாமி மாமாவின் ஜீப் வந்து நின்றது. போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருப்பவர். எனக்காக அந்த ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் அவர்தான். என் கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போயிற்று. எனக்கு இருபத்து மூன்று வயது. பாகு புடவையில் வழிந்தது.

பார்க்காததுபோல ஜீப்பை எடுத்துவிட்டார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்தாலாவது மனதுக்குள் திட்டிக்கொள்ளலாம்.

10 ஏப்ரல்

சேலம் செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக் கடையிலிருந்து பதில் வந்துவிட்டது. பில் எழுதும் வேலை. ஜூன் முதல் வாரம் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். என்னோடு படித்த பெருமாயி ஃபேர்லேண்ட்ஸில் விடுதியில் இருக்கிறாள், அங்கேயே தங்கலாம். அந்த ஊரில் என் படம் ஒட்டிய டப்பா கிடையாது. பஸ்ஸில் ஏறினால் யாரோ ஒருத்தி, அவ்வளவுதான்!

அப்பா யோசித்தார். "சின்னுசாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

ஏன்? என்னைப் பெற்றது யார்?

12 ஏப்ரல்

கேட்டாயிற்று. "ஊரே சேந்து பொழைக்க வெச்ச புள்ளை. அங்க போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நாளைக்கு இன்னொருத்தருக்கு எவன் குடுப்பான்? தேர் முடியட்டும் அம்மிணி, நானே அனுப்பி வெக்கறேன்."

அப்பா தலையாட்டினார். தேர் ஜூனில். ஜவுளிக் கடைக்கு அவகாசம் கேட்டு எழுதிப் போட்டேன்.

28 மே

ஆராயி என்று ஒரு சிறுமி. பத்து வயதிருக்கும். எனக்கு இருந்த அதே வால்வுக் கோளாறு. அம்மா சின்னாயி செங்கல் சூளையில் வேலை செய்கிறாள். வீடு காலனியில். மாமா மறுபடி மைக் கட்டினார். டப்பா நிரம்பவில்லை.

இன்று வீட்டுக்கு வந்தார். "அந்தத் தெருப் புள்ளைன்னா சனம் யோசிக்குது. நீங்க பக்கத்துல உக்காந்தா நம்மூட்டுக் காரியமாயிரும். தேரன்னைக்கு ஒரு பொழுது." வாசலில் செருப்பு மாட்டும்போது, "கொஞ்சம் பழைய சேலையாக் கட்டிக்கங்க" என்றார்.

சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் குழந்தை நம் வீட்டுக் காரியம் ஆவதற்கு நான் பக்கத்தில் உட்கார வேண்டுமா? சரி, உட்காராவிட்டால்? அவள் இருக்கமாட்டாள்.

யாரிடம் போய் மாட்டேன் என்பது?

14 ஜூன்

தேர். தண்ணீர்ப் பந்தலில் காலை முதல் உட்கார்ந்திருந்தேன். பழைய நீலப் புடவை. வந்தவர்கள் முதலில் என்னைப் பார்த்தார்கள், பிறகு டப்பாவை, கடைசியாகத்தான் ஆராயியை.

"நல்லாத்தான இருக்குது, இதுக்கா அன்னைக்கு அப்படி அழுதாங்க?" இது ஒருவர். ஒரு அம்மா தழும்பைப் பார்க்க வேண்டும் என்றார். "பாத்தா மனசு வந்து போடுவனல்ல." முந்தானையைக் கொஞ்சம் இறக்கினேன். கழுத்துக்குக் கீழே ஆரம்பிக்கும் இடம் மட்டும். பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், டப்பாவிலும் போட்டார். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் நானே இறக்கினேன். டப்பா நிரம்பியது.

எழுந்து ஓடியிருப்பேன். ஆராயி என் மடியில் தூங்கிவிட்டாள். அவளுக்கு மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது. அந்த மூச்சு எனக்குத் தெரியும்.

20 ஜூன்

செவ்வாய்ப்பேட்டையில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

2 ஜூலை

மாமா தன் ரிக் ஆபீஸிலேயே வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்குச் சந்தோஷம் தாளவில்லை. இனி அந்த வீட்டுக்குத் தினமும் தண்ணீர் சுமப்பார்.

1 ஆகஸ்ட்

முதல் சம்பளம். ஆபீஸ் மேசையில் வைத்திருக்கும் ஆராயி டப்பாவில் கவரோடு போட்டேன். யாரும் கேட்கவில்லை. ஆபீஸில் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்றுதான் இருந்தது. வாங்கியே பழகியவளுக்கு இன்றுதான் நெஞ்சு நிமிர்ந்தது. கொடுப்பது இவ்வளவு ருசியா? இது தெரிந்திருந்தால் ரைஸ்மில் அம்மாமேல் அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன்.

9 செப்டம்பர்

ஆராயியை வேலூருக்குக் கூட்டிப் போனார்கள்.

3 அக்டோபர்

நல்லபடியாக முடிந்தது. ஆபீஸ் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

16 டிசம்பர்

பஸ் நிலையத்தில் சின்னாயியும் ஆராயியும். அடையாளமே தெரியவில்லை. கன்னம் உப்பியிருக்கிறது, புதுப் பாவாடை, ரெட்டைச் சடையில் ரிப்பன். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் என் கண் முதலில் ரிப்பனுக்குப் போயிற்று. சாட்டின் ரிப்பன். சூளை வேலைக்காரி இதை எதில் வாங்கினாள்? — நினைத்துவிட்டேன். நானா? நான்தான்.

கிட்டே போனேன். ஆராயி என்னைப் பார்த்துவிட்டாள். மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

"அக்காளக் கும்புடு சாமி. அவங்க போட்ட காசுலதான் நீ பொழச்சே," என்றாள் சின்னாயி.

கும்பிட்டாள். ஒரு கையால். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.