மனு என் பேர்லதான்

என்னங்க,

அசந்து தூங்கினீங்க, அதான் எழுப்பல. இந்த பஸ்ஸை விட்டா வக்கீலம்மாவைப் பிடிக்க முடியாது. உப்புக் குறைச்சு சூப் வெச்சிருக்கேன், சூடு பண்ணிக் குடிங்க. வீட்டுச் சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்கு.

ஆஸ்பத்திரிக் கடனைக் கேட்டு பதினொரு மணிக்கு அந்த ஆள் வருவார். போன தடவை மாதிரி உள்ளே ஒளிஞ்சுக்காதீங்க. "என் சம்சாரம் திவால் மனு கொடுக்கப் போயிருக்கா, இனிமே வக்கீல்கிட்ட பேசுங்க"ன்னு நிமிர்ந்து நின்னு சொல்லுங்க.

ஆமாம், போகத்தான் போறேன். ஊரே சிரிக்கும்னு நேத்து கத்தினீங்களே, சிரிச்சுட்டுப் போகட்டும். பன்னிரண்டு வருஷம் ஒரு தவணை விடாம இன்ஷூரன்ஸ் கட்டினோம். உங்க ஆபரேஷன் முடிஞ்சதும், இது பழைய நோய்னு சொல்லி அந்தக் கம்பெனிக்காரங்க கையை விரிச்சுட்டாங்க. நாம யாரையும் ஏமாத்தல. ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டது நான், அதனால மனுவும் என் பேர்லதான். தையல் மெஷின்ல கை வைக்க மாட்டாங்களாம், அது பிழைப்புக்கானதுன்னு வக்கீலம்மா சொன்னாங்க. அது போதும் எனக்கு.

கோபத்துல நானும் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.

இன்னொண்ணு. துவைக்க எடுத்த உங்க சட்டைப் பையில, காகிதத்துல மடிச்ச பாதி மாத்திரை நாலு இருந்துச்சு. செலவை மிச்சம் பிடிக்கிறீங்களாக்கும்! டப்பாவுல புதுசா நிரப்பி வெச்சிருக்கேன். முழுசா போடுங்க. சாயங்காலம் வந்து எண்ணிப் பார்ப்பேன்.