ஃபைலிலிருந்து உருவிய சீட்டு

போன புதன்கிழமை ஒரு பார்சலைக் கிழித்தேன். புது ரப்பர் நாற்றம் மேஜை முழுக்கப் பரவியது. உள்ளே மூன்று கட்டிங் பிளேயர்கள், மூன்று கம்பெனி சாம்பிள்கள். எலக்ட்ரீஷியன்களுக்குப் புது ஆர்டர். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்டதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

பல வருஷம் முன்னால், அன்றைக்கும் மூன்றுதான் வந்தன. ஒன்று ஜெர்மன், ஒன்று லூதியானா, மூன்றாவது பெட்டியில் பேர்கூட ஒழுங்காக அச்சாகாத மலிவுச் சரக்கு. பர்ச்சேஸில் நான், மெயின்டெனன்ஸில் நீங்கள். சயானில் நீங்களும் மாட்டுங்காவில் நானும் லோக்கல் ரயிலில் ஏறி, தாணேயில் வண்டி மாறி ஐரோலி ஃபாக்டரி போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே போவோமே, அந்தப் பழக்கத்தில்தான் சாம்பிள்களை உங்களிடம் கொடுத்தேன்.

ஒவ்வொன்றின் வாயையும் மூடி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தீர்கள். ஜெர்மனில் வெளிச்சம் புகவில்லை. லூதியானாவில் மயிரிழை அளவு தெரிந்தது. மூன்றாவதில் தாராளமாகத் தெரிந்தது. பிறகு அதன் சிவப்புக் கைப்பிடி உறையை முறுக்கி இழுத்தீர்கள். பாதி கழன்று வந்தது.

"இதைப் பாத்தீயளா மேடம்? வேர்வை பட்டா வழுக்கிட்டு வந்துரும். அம்புட்டு வெலைக்கு ஜெர்மன் வேண்டாம், லூதியானா சரக்கே நல்லா ஒழைக்கும். இந்தச் சனியனை மட்டும் வாங்காதீய."

அதையே தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தீர்கள். நான் அதை மொழிபெயர்த்து ஃபைலில் வைத்திருக்க வேண்டும். மேனேஜர் ஏற்கெனவே மலிவானதை எடுக்கச் சொல்லியிருந்தார். சீட்டு இருந்தால் கேள்வி வரும், ஃபைல் திரும்பி வரும், அவர் முகம் சுளிப்பார். ஃபைலில் செருகியிருந்த சீட்டை உருவி எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். உங்களிடம், "மேல ஒத்துக்க மாட்டேங்கறா, நான் என்ன பண்றது?" என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மிஷினை நிறுத்தக் கூடாது என்று சொன்னதால், கரன்ட் ஓடும் பேனலிலேயே கை வைத்தீர்கள். அந்த மலிவு பிளேயரின் உறை வழுக்கியது, உள்ளங்கை இரும்பில் பட்டது. தூக்கி எறியப்பட்டீர்கள். வலது கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

விசாரணை அறையில் நானும் இருந்தேன். "மட்டமான பிளேயர்னா அப்பவே எழுதிக் கொடுத்திருக்கலாமே?" என்று இந்தியில் கேட்டார்கள். நீங்கள் மேஜை மேலிருந்த ஃபைலைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. "எழுதலை சார். நான்தான் சரியாப் பாக்கலை" என்றீர்கள்.

வாயைத் திறந்திருக்க வேண்டியவள் நான். திறக்கவில்லை.

உங்களை டூல் ரூமுக்கு மாற்றினார்கள். ரிட்டையர் ஆகும்வரை நான் அனுப்பிய சாம்பிள் ஒவ்வொன்றும் ஒரு டிக் அல்லது ஒரு பெருக்கல் குறியோடு திரும்பி வந்தது. கூட ஒரு வார்த்தை இருக்காது. ரயிலில் வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டீர்கள். கோபமா, என் சங்கடத்தைக் குறைக்கத்தானா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன புதன்கிழமை நானே வாய்களை மூடி ஜன்னலில் பிடித்தேன், நானே உறைகளை இழுத்தேன். மலிவானது வேண்டாம் என்று எழுதி ஃபைலில் குத்தினேன். இப்போதைய மேனேஜர் படித்துப் பார்த்து, "ஓகே, நல்லதையே எடுங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா? அன்றைக்கும் இப்படித்தான் முடிந்திருக்குமோ என்ற எண்ணம் வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தாராவியில் உங்கள் வீட்டைத் தேடிப் போனேன். உங்கள் மனைவி டீ போட்டுக் கொடுத்தார். குடிக்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அவர் முதலில் நம்பவே இல்லை.

"அவிய எங்கிட்ட அப்படிச் சொல்லலியே. தன் கவனக்கொறவுதான்னுல்லா சொன்னாவ."

பிறகு தன் கையைப் பார்த்தார்.

"சோத்தைப் பெசைய முடியாம ஸ்பூன் கேப்பாவ. அப்பல்லாம் நான் ஏசுவேன். ஒழுங்காப் பாத்து வேலை செஞ்சிருந்தா இந்தக் கதி வருமான்னு. கடைசி வரைக்கும் ஏசினேன். ஒரு நாள்கூட மறுத்துப் பேசலை." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "நீங்க எங்கிட்ட வந்து சொல்லிட்டீய. நான் யாருட்ட போயிச் சொல்ல?"

மன்னிப்புக் கேட்கப் போனவள் நான். அதைக் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். கிளம்பும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாங்க" என்றார். ஏன் கூப்பிட்டார் என்று தெரியவில்லை. போகத்தான் போகிறேன்.