ஏழு மணிக்குப் போட்ட மேஜை

செஞ்சி,
புரட்டாசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் நீலாஞ்சனாவுக்கு நைனா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளை நேமிகுமாரும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று அருகனை வேண்டிக்கொண்டுதான் தினமும் கடலை மண்டியைத் திறக்கிறேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன். மார்கழியில் உன் பிரசவத்துக்கு ஸ்டாக்ஹோம் வரமாட்டேன் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். எங்கள் கல்யாண நாளுக்கென்று நீ பாண்டிச்சேரியில் ஏற்பாடு செய்த அந்த பிரெஞ்சு ஓட்டலில், மேஜையில் உட்கார்ந்தபடியே சொன்னாள். அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் அவள் போனை எடுக்காததற்குக் காரணம் இதுதான். போனில் சொன்னால் நீ அழுவாய், அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாள், பேச்சு எங்கேயோ போய் முடியும். அதனால் லேகியப் பார்சலோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன், நடுவில் நிறுத்தாமல் முழுதும் படி.

தங்குவதற்கு நீ போட்டிருந்த ரூம் நன்றாக இருந்தது, ஜன்னலைத் திறந்தால் கடல். அம்மா அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு பீச் ரோட்டில் நடந்தாள், எனக்கு முன்னால் நடந்தாள் என்றால் பார்த்துக்கொள். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிடலாம் என்று நாலரை மணிக்கே அந்த பிரெஞ்சு ஓட்டலுக்குப் போனோம். கேட்டில் இருந்த செக்யூரிட்டி, "ஏழு மணிக்குத்தான் தொறப்பாங்க பெரியவரே, உங்க பேர்ல ஏழு மணிக்குத்தான் மேஜ போட்டிருக்குது" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். பொழுது சாய்ந்தால் நம் வீட்டில் அடுப்பு எரியாது, பச்சைத் தண்ணீர்கூட வாயில் போகாது, இருட்டில் தெரியாமல் ஒரு பூச்சி சோற்றில் விழுந்து உயிர் போய்விடக் கூடாது என்பதற்காக. பால் பல் முளைத்த நாளிலிருந்து உனக்குத் தெரிந்த விஷயம். ஆனாலும் அவள் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. "அந்த ஊர்ல ஒம்போது மணிக்கும் வெயில் அடிக்குதாமே, அதே நெனப்புல போட்டிருப்பா. அவள ஒண்ணும் கேக்காத" என்றாள். கடற்கரையில் உட்கார்ந்து பொழுது இறங்குவதற்குள் ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தோம். ரூமுக்குத் திரும்பிவிடலாம் என்றேன். அவள்தான் கேட்கவில்லை. ஆசையாகச் செய்திருக்கிறாய், சும்மாவாவது போய் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று இழுத்துப் போனாள்.

மரத்தடியில் எங்கள் இருவருக்கு மட்டும் மேஜை. மேலே ரோஜா இதழ் தூவி நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, வேறு விளக்கே கிடையாது, தட்டில் இருப்பது காயா கல்லா என்று தெரியாது. பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்கார ஜோடி கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்தது. "இவங்கள பாத்தா பசிக்கு வந்தவங்க மாதிரி தெரியல" என்றாள் அம்மா. "நம்பளுந்தான் பசிக்கு வரல, வாடகைக்கு உக்காந்திருக்கிறோம்" என்றேன், சிரித்தாள். சூப்பர்வைசர் இனியன் நம் அவலூர்பேட்டைக்காரர், செஞ்சி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. சூப்பில் எலும்புத் தண்ணீர் உண்டா, ரொட்டியில் முட்டை உண்டா என்று சும்மா விசாரித்துவைத்தேன், எதையும் மறைக்காமல் பதில் சொன்னார். நாங்கள் ஒன்றையும் தொடாததைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. "இன்னாம்மா எதுவுமே சாப்ட மாட்டேன்றீங்க? போன வருசம் உங்க பொண்ணும் மாப்ளையும் இதே மேஜைலதான் உக்காந்தாங்க. ராத்திரி பத்து மணி வரைக்கும் ஒவ்வொண்ணா கேட்டு வாங்கி ரசிச்சு சாப்ட்டாங்க. அதனாலதான் உங்களுக்கும் இந்த மேஜையே வேணும்னு சொன்னாங்க" என்றார். நல்ல மனசோடு சொன்ன வார்த்தை.

"பத்து மணி வரைக்குமா?" என்று அம்மா கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். போன வருஷம் லீவில் வந்தபோது பாண்டியிலிருந்து அவளுக்குப் போன் செய்து, அஞ்சு மணிக்கே சாப்டுட்டோம்மா, சும்மா நடந்துட்டு இருக்கிறோம் என்று நீ சொன்னது எனக்கே ஞாபகம் இருந்தது, அவளுக்கு இல்லாமல் இருக்குமா. அந்த நேரம் பார்த்து ஒரு ஈசல் பறந்து வந்து மெழுகுவர்த்தியில் விழுந்து சுருண்டது. அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள். "மார்கழிக்கு நான் போவல. டிக்கெட்ட திருப்பிக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்க்க நடந்தாள். இனியன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார், உங்கள் மேல் தப்பு இல்லை தம்பி என்று சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். மறுநாள் காரில் திண்டிவனம் தாண்டி, செஞ்சிக் கோட்டை மலையைப் பார்த்தபடி ஊர் வந்து சேர்ந்தோம். வீட்டுக்கு வந்ததும் நீ அனுப்பிய ஸ்வெட்டரைப் பயணப் பெட்டியிலிருந்து எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இங்கே மல்லாட்டை வரத்து சுமார்தான், கடலையை ஈரத்தோடு கொண்டு வருகிறார்கள். கோட்டையைப் பார்க்க வருகிற கூட்டம் அதிகமாகி ஞாயிற்றுக்கிழமை மண்டி வாசலில் லாரி நிற்க இடமில்லை, நம் மண்டி ஆள் தனகோட்டி தினமும் யாரோடாவது சண்டை போடுகிறான். அதெல்லாம் ஓடும். உன் விஷயம் ஓடவில்லை. என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்பது உன் பாடு, படித்து வேலைக்குப் போகிற பெண்ணை நான் அதற்குக் கேட்கமாட்டேன். ஆனால் ஈரச் சரக்கை ஈரம் என்று சொல்லி இறக்குகிறவனிடம் நான் மறுபடியும் வாங்குவேன். மூட்டைக்கு நடுவில் ஒளித்துத் தைத்துக் கொண்டுவருகிறவனைப் படி ஏற்றமாட்டேன். நீ செய்தது இரண்டாவது. கோபித்துக்கொள், ஆனால் யோசி.

நேற்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவளை உட்காரவைத்துப் பேசினேன். உன் பக்கம் பேச நீ இல்லை, தரகுக்காரன் இரண்டு பக்கமும் பேசுவான், நானும் பேசினேன். அவள் வந்தால் அங்கே இருக்கும்வரை நீயும் பொழுதோடு சாப்பிட வேண்டும் என்றாள். அந்த ஊரில் மார்கழியில் மூன்று மணிக்குள் இருட்டிவிடுகிறது, பிள்ளை பெற்றவள் மறுநாள் விடிகிறவரை வெறும் வயிற்றோடு கிடந்தால் பால் எங்கிருந்து ஊறும் என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. "அதான் எம் பயமே. நான் போய் உக்காந்தா எனக்காக அவ பட்டினி கெடப்பா, இல்லாட்டி கதவ சாத்திக்கினு திருட்டுத்தனமா சாப்பிடுவா. பச்ச ஒடம்புக்காரி எனக்குப் பயந்து சாப்பிட்டா அது ஒடம்புல ஒட்டுமா? அதுக்கு நான் போவாமலே இருந்துடலாம்" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இப்படி ஒரு பேரத்தை இத்தனை வருஷத்தில் நான் பேசியதில்லை. பிறகு மெதுவாகப் பேசிப் பேசி, பொழுது சாயும் நேரத்துக்கு ஒரு முடிவுக்கு வந்தோம்.

நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப்போகும் பிள்ளையும் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். படிக்கட்டில் பார்த்து நட, பனியில் வெளியே போகாதே, லேகியத்தைக் காலையில் மட்டும் சாப்பிடு. விசாவுக்கு அழைப்புக் கடிதம் கேட்டிருந்தேனே, எங்கள் இரண்டு பேர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதி உடனே அனுப்பு. டிக்கெட்டை நான் திருப்பவில்லை.

பேசி முடித்தது இதுதான். அம்மா வருவாள். அவள் சாப்பாடு அந்த ஊர் வெயிலுக்கு, உன் சாப்பாடு உன் பசிக்கு. ராத்திரி உனக்குப் பசித்தால் அவளே சூடு பண்ணித் தட்டில் வைத்துப் பக்கத்தில் உட்காருவாள், அவள் தொடமாட்டாள், உன்னை ஒன்றும் கேட்கமாட்டாள். அவளுக்கென்று ஒரு பாத்திரம் தனியாக இருக்க வேண்டும். சாப்பாட்டு விஷயத்தில் நீ அவளிடம் இனி ஒரு பொய்யும் சொல்லக் கூடாது. பிள்ளைக்கு முதல் சோறு மேல்சித்தாமூர் அருகன் கோயிலில், வெயில் இருக்கும்போது, அவள் கையால். சம்மதம் என்றால் அதை அவளிடமே சொல், அடுத்த தடவை போனை எடுப்பாள்.

இப்படிக்கு,
உன் நைனா
அப்பாண்டைநாதன்