பெயரும் காம்பரா நம்பரும்

இன்று பதுளை அரசாங்கக் கச்சேரி ஆபீசில் பிரஜாவுரிமைப் பத்திரத்துக்காக வரிசையில் நின்றேன். இனி எனக்கும் ஓட்டு உண்டாம். முன்னால் நின்ற கிழவி ஊதா மையில் பெருவிரலை அழுத்தினாள். அந்த மையின் நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. ஞாபகம் என்ன ஞாபகம், ஆத்திரம்தான் வந்தது. எம்.பி. மேல், பொலிஸ் மேல், என் மேல். செத்துப்போன உன் மேலும்தான்.

உன் புருஷன் நல்ல வேலைக்காரன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்கு மலையில் இறங்கினால் மற்ற ஆண்கள் அவனுக்குப் பின்னால்தான் வருவார்கள். மொனராகலைப் பக்கமிருந்து தேயிலைப் பெக்டரிக்கு விறகு கொண்டுவந்த லொறியில் கஞ்சா மூட்டையும் வரத் தொடங்கியது. அவனும் அதில் விழுந்தான். ஒரு நாள் அந்த மயக்கத்தில் கவ்வாத்துக் கத்தியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டான். புண் அழுகிச் செத்தான். லொறி முதலாளி அந்த வாரமும் பல்லை இளித்துக்கொண்டு வந்துபோனான்.

தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனோம். விறகு ஒழுங்காக வருகிறதே, வேறென்ன வேண்டும் என்றார். பொலிசில் முறைப்பாட்டை எழுதவே மாட்டோம் என்றார்கள். அப்புறம் நீதான் நாம் குடியிருந்த லயத்துப் பெண்களைக் கூட்டி, எம்.பி.க்கு மகஜர் கொடுப்போம் என்றாய். பிரஜாவுரிமையும் ஓட்டும் இல்லாத நம்மை அவன் ஏன் திரும்பிப் பார்க்கப்போகிறான் என்று கேட்டேன். நீ எங்கே கேட்டாய்? நம்மில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னையே எழுதவைத்தாய். முப்பது பெண்கள் கைநாட்டு வைத்தார்கள். தோட்டத்து வழக்கப்படி அத்தோடு விட்டிருக்கலாம். நீதான் விடவில்லை.

"கைநாட்டு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் புள்ள. பக்கத்துல பேரும் காம்பரா நம்பரும் போடு. இல்லாட்டி ஒருத்தியே முப்பது தடவ வச்சிட்டான்னு சொல்லிருவானுங்க."

நானும் ஒவ்வொருத்தியின் பெயரையும் அவள் குடியிருந்த காம்பரா அறையின் நம்பரையும் முத்து முத்தாக எழுதினேன். உன் பெயர்தான் முதலில்.

எம்.பி. எலக்‌ஷனுக்கு ஊர் சுற்றிய ஜீப்பே அந்த லொறி முதலாளியுடையது என்று நமக்கு யார் சொன்னார்கள்? பத்து நாள் கழித்து, பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு நாம் லயத்துக்குத் திரும்பிய நேரம் முதலாளியின் ஆட்கள் வந்தார்கள். கையில் நம் மகஜர். நகல்கூட இல்லை, நான் எழுதிய அதே தாள். நம்பரைப் படித்துப் படித்துக் கதவைத் தட்டினார்கள். நாங்கள் சொன்னதெல்லாம் பொய் என்று இன்னொரு தாள் எழுதச் சொன்னார்கள். அதையும் என்னைத்தான். என் பிள்ளைகள் வாசலில் நின்றார்கள், அவர்கள் பக்கத்தில் ஒருத்தன் கத்தியோடு நின்றான். எழுதினேன். ஒவ்வொருத்தியாக வந்து கைநாட்டு வைத்தாள்.

நீ வைக்கவில்லை. "அப்ப எம்புருஷன் செத்ததும் பொய்யா?" என்று மட்டும் கேட்டாய்.

உன்னை எங்கள் கண் முன்னாலேயே அடித்தார்கள். அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாய். மலையில் வழுக்கி விழுந்தாள் என்று பொலிஸ் எழுதியது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான். எம்.பி. மலர்வளையம் அனுப்பினான், பாவி. அடுத்த எலக்‌ஷனிலும் அவன்தான் ஜெயித்தான்.

அதற்குப் பிறகு கஞ்சா மூட்டையை விறகுக்கு அடியில் மறைக்கக்கூட இல்லை. கவ்வாத்துக்குத் தோட்டத்து ஆண்கள் போதாமல் வெளியிலிருந்து ஆள் பிடித்தார் துரை. தண்ணீர்ப் பீலியில் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை. குடத்தை நிரப்பிக்கொண்டு அவரவர் காம்பராவுக்குப் போனோம்.

உனக்கு என்னடி அவ்வளவு வீம்பு? ஒரு விரலை வைத்துத் தொலைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நாலு வயது மகளையாவது நினைத்திருக்கக் கூடாதா? இப்படி உன்னைத் திட்டித்தான் இத்தனை வருஷத்தை ஓட்டினேன். நீ விரலை வைத்திருந்தால் என் கோழைத்தனம் எனக்கே தெரிந்திருக்காது.

ஹல்துமுல்லையில் உன் தம்பி வளர்த்த அந்த மகள் போன மாதம் தன் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தாள். உன்னைப் போலவே பேசும்போது கண்ணை நேராகப் பார்க்கிறாள். தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"சின்னம்மா, எங்கம்மா எப்படிச் செத்துச்சு?"

"மலையில வழுக்கி விழுந்துட்டா தாயி."

அன்றைக்கு என் வாசலில் யாரும் கத்தியோடு நிற்கவில்லை.