தென்னை மட்டையில் உட்கார்ந்த ஆறுமணிக்குருவி

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் மஞ்சள் பை ஒன்றோடு வந்தார். பீரோவை ஒழிக்கும்போது கிடைத்ததாம். "இத நான் வச்சு என்னம்மா பண்ணப்போறேன், ஒங்களுக்குத்தான் சேரும்" என்று நீட்டிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். பைக்குள் வளைந்த கம்பி. அதில் குத்திய நாள்காட்டித் தாள்கள். எல்லாமே புதன்கிழமைத் தாள்கள். நடுவில் ஒன்றில் முந்திரிப்பழக் கறை பழுப்பாகக் காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். பீரோவின் பாச்சா உருண்டை வாசனைதான் வந்தது, ஆனாலும் எனக்கு நாக்கில் அந்தப் பழத்தின் துவர்ப்பு ஊறியது.

எல்லாவற்றையும் புரட்டினேன், மேல்தாளை மட்டும் தொடவில்லை. அது என் கையெழுத்து. அதில் நான் எழுதியது பொய். இரண்டு வருடமாக நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிற பொய்.

புதன்கிழமை என்றால் ஊசி நாள். நீ வண்டி ஓட்ட, நான் பின்னால் தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஆலங்குடிப் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கெல்லாம் போய் வருவோம். சுகாதார நிலையத்தில் இரண்டு நர்சுகள் இருந்தால் ஊர் வம்பு பேசுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நீயோ பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, "ஏ புள்ள, அங்கிட்டுப் பாரு" என்பாய். பார்த்தால் மின்கம்பியில் ஒரு பனங்காடை. சாதாரணமாகத்தான் உட்கார்ந்திருக்கும், பறந்தால் சிறகில் நீலம் விரியும். அது பறக்கும்வரை நீ நகரமாட்டாய். பெட்டிக்குள் ஐஸ் உருகுகிறதே என்று நான் கத்துவேன். "ஐஸெல்லாம் உருகாது, ஒன் வாய்தான் சூடு" என்பாய்.

புதன் காலையில் அன்றைய தாளையே கிழித்து, மடித்து உறையில் போட்டு வருவாய். சாயங்காலம் அதன் பின்பக்கம் அன்று பார்த்ததை எழுதுவாய். அதற்கு நீயே ஒரு சட்டமும் வைத்திருந்தாய்: "ரெண்டு பேரும் பாத்தாத்தான் சேத்தி." ஒருத்தி மட்டும் பார்த்தது எழுதப்படாது. ஒருமுறை கண்மாய்க் கரையில் நரி ஒன்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் புதருக்குள் போனது. நீ குனிந்து டயரில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாய். எவ்வளவு கெஞ்சியும் எழுதவில்லையே, பாவி! கீரிப்பிள்ளையை நரி என்று சொல்கிறேன் என்றாய். இன்றுவரை சொல்கிறேன், அது நரிதான்.

மாசியில் முந்திரிக்கொல்லை வழியாகப் போனால் பூவாசனை முகத்தில் மோதும். அப்போது நீ வண்டியை மெதுவாக விடுவாய். பங்குனியில் இலுப்பைப் பூ உதிர்ந்து கிடக்கும், ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு ஊசி போட உட்காருவாய். முதல் மழைக்கு மறுநாள் செம்மண்ணில் தம்பலப்பூச்சிகள் சிவப்புச் சிவப்பாக ஊரும், அவற்றை மிதிக்காமல் வண்டியை உருட்டிக்கொண்டே அரை மைல் நடந்திருக்கிறோம். அன்று ஊசிக்குக் காத்திருந்த தாய்மார்களிடம் வாங்கிய திட்டு இருக்கிறதே! கார்த்திகை வந்தால் வேலிகளில் காந்தள்.

ஆள்காட்டிக்குருவிக் கதையை எழுதாவிட்டால் இந்த மடல் முழுமையாகாது. சித்திரையில் காய்ந்த கண்மாய்க்குள் குறுக்கே போனபோது அது தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தியது. தேடிப் பார்த்தால் வெறுந்தரையில், சரளைக்கல் நடுவே, கல்லைப் போலவே நான்கு முட்டைகள். வண்டல் அள்ளுகிற டிராக்டர் ஏறிவிடுமே என்று உனக்குப் பதைப்பு. ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து நட்டு, பையில் இருந்த சிவப்பு ரவிக்கைத் துணியில் ஒரு முழம் கிழித்துக் கட்டினாய். வேலையெல்லாம் சுத்தமாக முடித்தோம் என்று பெருமை வேறு. அடுத்த புதன் போனால் குச்சிக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, அடியில் எலுமிச்சம்பழம். ஆடு மேய்க்கிற பெரியவர் நம்மை மறித்தார்.

"செருப்போட போகாதீங்க நர்சம்மா. ஆத்தா எறங்கியிருக்கா. பக்கத்துல போனா ஒரு பறவ வந்து கத்துது."

எனக்குச் சிரிப்பு வந்து பெட்டிக்குப் பின்னால் முகத்தை ஒளித்தேன். நீ கொஞ்சமும் அசரவில்லை. செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, "ஆமாங்கய்யா, டிராக்டர்காரங்கள்ட்டயும் சொல்லி வைங்க, துடியான ஆத்தா" என்றாய். நான்கு குஞ்சும் பொரித்தன. அந்தத் தாளில் நீ எழுதியது இவ்வளவுதான்: "ஆள்காட்டி, குஞ்சு நாலு. காவல்: ஆத்தா."

உனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஆறுமணிக்குருவிதான். ஐப்பசியில் வடக்கேயிருந்து வந்து, நம் சுகாதார நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற புங்கமரத்தடியில் பங்குனி வரை தங்கும். காலை ஆறு, மாலை ஆறு, இரண்டே சீட்டி. அது வந்த பிறகுதான் உனக்கு மழைக்காலமே தொடங்கும். அதற்காகப் புதன் சாயங்காலம் ஊசி வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்போம். உன் வீட்டுக்காரர் போன் மேல் போன் போடுவார். "ரிப்போர்ட் எழுதுறோங்க" என்று கூசாமல் சொல்வாய்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் நோய் முற்றி உன்னால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. மருத்துவமனையில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதன் பொருள் மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம், நம் இருவருக்குமா தெரியாது? நான் வந்தால் நீ கேட்பது ஒன்றுதான். "வந்துருச்சா?" அந்த வருடம் மழை தள்ளிப்போனது. முதல் புதன் வரவில்லை. இரண்டாவது புதனும் இல்லை. "நீ தனியாக் கேட்டாலும் சேத்திதான் புள்ள, சட்டத்த மாத்தியாச்சு" என்றாய். உன் சட்டத்தை நீயே எனக்காகத் தளர்த்தியபோது எனக்கு அழுகை முட்டியது.

மூன்றாவது புதன் இருட்டும்வரை அந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன். கொசுதான் கடித்தது. நேராக உன் வீட்டுக்கு வந்தேன். நீ கேட்பதற்கு முன்பே, "வந்துருச்சுடி" என்றேன். உன் கண் விரிந்தது. "எதுல ஒக்காந்துச்சு?" இதற்கு நான் தயாராக வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "தென்ன மட்டையில." நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும், "எழுது" என்றாய். உன் முன்னால் உட்கார்ந்து, உன் தாளில், உன் பேனாவால் எழுதினேன். ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

நீ ஒரு நாளும் பார்க்காததை எழுதியவள் இல்லை. உன் கடைசித் தாளில் நான் பொய்யை ஏற்றி அனுப்பிவிட்டேன் என்பது என்னைத் தூங்கவிடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

நேற்று சாயங்காலம் புங்கமரத்தடியில் அந்த இரண்டு சீட்டி கேட்டது. எழுந்து ஓடிப் பார்த்தேன். சருகைக் கிளறிக்கொண்டு தரையில் தத்திக்கொண்டிருந்தது. முதுகு பச்சை, வாலடியில் சிவப்பு. அப்போதுதான் உறைத்தது. தரையில் குப்பை கிளறுகிற குருவியை நான் தென்னை உச்சியில் ஏற்றிவிட்டேன்!

வீட்டுக்கு வந்ததும் அந்த மேல்தாளைக் கம்பியிலிருந்து எடுத்தேன். பின்பக்கம் என் பொய் அப்படியே இருந்தது. திருப்பினேன். ராகுகாலத்துக்குக் கீழே, பென்சிலில், கோணல்மாணலாக உன் எழுத்து.

"தென்ன மட்டையாம்! கூறுகெட்டவ. ஆனா இருட்டுற வரைக்கும் எனக்காகக் காத்துருந்துருக்கா, கையெல்லாம் கொசுக்கடி. இத நான் பாத்தேன். சேத்தி."

அழுதேன், சிரித்தேன், மறுபடி அழுதேன். நீ போகிறபோதும் என்னைத்தான் பார்த்துக் குறித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

இன்று புதன். நான் மட்டும் கேட்டது சேர்த்தி இல்லை, அந்தப் பழைய சட்டம்தான் எனக்கு வேண்டும். உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "அண்ணே, சாயங்காலம் ஆறு மணிக்கு இங்க வாங்க, காரணம் கேக்காதீங்க" என்றேன். வந்தார். பின்வாசல் படியில் நீ உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். ஆறு அடித்ததும் சருகுக்குள்ளிருந்து இரண்டு சீட்டி. நான் கைகாட்ட, சருகில் தத்திய அந்தக் குருவியை அவரும் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இதுக்காம்மா புதங்கெழமையானா லேட்டு?"

"ஆமாண்ணே. ரிப்போர்ட்டு இதுதான்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அடுத்த புதனும் வாரேன்" என்றார்.

காலையிலேயே கிழித்துவைத்த இன்றைய தாளை எடுத்து எழுதினேன்: "ஆறுமணிக்குருவி. இருவர் கேட்டோம். இருவர் பார்த்தோம். தரையில்." அதை உன் பென்சில் எழுத்துக்கு மேலே கம்பியில் குத்தியிருக்கிறேன்.